உயிரோடு இருக்கும் கம்ப்யூட்டருக்குக் கண்ணீர் அஞ்சலி

"தம்பி, நம்ம கம்ப்யூட்டர் செத்துப் போச்சாமே?"

2025 அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை மணி. மறுநாள் தீபாவளி. அந்த நேரத்தில் இப்படி ஒரு போன் வந்தால் ஒரு சர்வீஸ் என்ஜினியர் என்ன செய்வான்? பதறித்தான் போவான். "என்னக்கா ஆச்சு? புகை வந்துச்சா? ஹை வோல்டேஜ் ஏதும் வந்துருச்சா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா. நேத்து ராத்திரி வரைக்கும் பாப்பா அதுலதான் காலேஜ் வேலை டைப் பண்ணிக்கிட்டு இருந்தா. ஆனா பேப்பர்ல போட்டிருக்காம். டி.வி.யிலயும் சொன்னாங்களாம். கடைக்காரரும் செத்துப் போச்சுன்னுதான் சொல்றாரு."

எங்கள் தெருவில் வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுக்கும் அக்கா அவர். தீபாவளிக்கு முதல் நாள் ஒரு தையல்காரருக்கு மூச்சு விடக்கூட நேரம் இருக்காது. பதினோரு பிளவுஸ் பாக்கி இருக்கும்போது மெஷினை நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்கிறார் என்றால் எவ்வளவு பயந்து போயிருக்க வேண்டும்! இரண்டு மாதத்துக்கு முன்புதான் மகள் கல்லூரியில் சேர்ந்ததற்காக, சீட்டுப் பணம் எடுத்து ஒரு செகண்ட்ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். விலை ரூ.14,500. ஏதோ கம்பெனி ஆபீஸிலிருந்து கழித்துக் கட்டிய மெஷின். ஆறாவது தலைமுறை ஐ5 பிராசசர், 8 ஜிபி ரேம், எஸ்.எஸ்.டி. டிஸ்க். நானும் பார்த்துவிட்டு "நல்ல மெஷின்தான்க்கா" என்று சொல்லியிருந்தேன். ஆகவே செத்துப் போனதில் எனக்கும் பங்கு உண்டு!

விற்ற கடைக்காரர் இப்போது என்ன சொல்கிறாராம்? "விண்டோஸ் 10 மூடிட்டாங்க. இனிமே நெட்டுல கனெக்ட் பண்ணினாலே வைரஸ் வந்துடும். தீபாவளி எக்ஸ்சேஞ்ச் ஆபர்ல பழசை 3,000 ரூபாய்க்கு எடுத்துக்கறேன். புதுசு 42,000 ஆகும்." பதினாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு விற்றதை இரண்டே மாதத்தில் மூவாயிரத்துக்குத் திரும்ப எடுக்கும் பெருந்தன்மையை என்னவென்று சொல்வது?

நம் ஊரில் ஒருவர் காலமானால் மறுநாள் காலையில் சுவர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிவிடுவோம். கம்ப்யூட்டர் உலகச் செய்திகளிலும் இந்தப் பழக்கம் இருக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம். இங்கே ஆள் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே தன் போஸ்டரைத் தானே படித்துக்கொண்டிருப்பார். "விண்டோஸ் 10க்கு மூடுவிழா", "கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்கள் முடங்கும்" என்று அந்த வாரம் முழுக்கத் தலைப்புகள். எங்கள் வீட்டிலும் ஒரு விண்டோஸ் 10 மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மரியாதைக்காகவாவது அது ஒரு நிமிடம் நின்றிருக்கலாம். நிற்கவில்லை!

சரி, உண்மையில் என்னதான் நடந்தது? 2015 ஜூலை 29 அன்று வெளிவந்த விண்டோஸ் 10க்கு, 2025 அக்டோபர் 14 உடன் இலவசப் பராமரிப்பை நிறுத்திக்கொள்வதாக மைக்ரோசாப்ட் பல வருடங்களுக்கு முன்பே அறிவித்திருந்தது. அன்றோடு நிறுத்திக்கொண்டது. இனிமேல் புது வசதி கிடையாது. பிழை திருத்தம் கிடையாது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்டும் தானாக வராது. அவ்வளவுதான். மெஷின் ஓடும். பைல்கள் இருக்கும். பிரவுசர் திறக்கும். பிரிண்டர் எப்போதும் போல மக்கர் செய்யும்.

2014 மே மாதம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசடர் கார் தயாரிப்பதை நிறுத்தியது. மறுநாள் எந்த அம்பாசடராவது நடுரோட்டில் நின்றதா? இல்லையே! மெக்கானிக் இருக்கும்வரை, ஸ்பேர் கிடைக்கும்வரை ஓடின.

நான் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. "சப்போர்ட் முடிந்தது" என்று செய்தியில் படித்தால் உடனே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். நம் பொருள் வேலை செய்வது நிற்கப்போகிறதா, அல்லது அதை யாரோ ரிப்பேர் பார்ப்பது நிற்கப்போகிறதா? இரண்டும் ஒன்றல்ல. செய்தி எழுதுபவர்கள் இரண்டையும் ஒரே போஸ்டரில் ஒட்டிவிடுகிறார்கள்.

நிஜமாகவே செத்துப்போகும் பொருட்களும் உண்டு. அமெரிக்காவில் ரிவால்வ் என்று ஒரு கருவி விற்றார்கள். வீட்டு விளக்கு, பூட்டு எல்லாவற்றையும் போனிலிருந்தே இயக்கலாம். விலை சுமார் 300 டாலர். 2014ல் கூகுளின் நெஸ்ட் நிறுவனம் அந்தக் கம்பெனியை வாங்கியது. 2016 மே 15 அன்று அதன் சர்வரை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவுதான், 300 டாலர் கருவி வெறும் பிளாஸ்டிக் டப்பா ஆகிவிட்டது. ஏனென்றால் அதன் மூளை வீட்டில் இல்லை, கம்பெனியின் சர்வரில் இருந்தது. வாட்ஸ்அப்பும் இந்த ஜாதிதான். 2025 ஜனவரி 1 முதல் ஆண்ட்ராய்டு 5க்கு முந்தைய போன்களில் அது இயங்காது என்றார்கள், இயங்கவில்லை. அங்கே போஸ்டர் ஒட்டியது நியாயம்.

உங்கள் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டரின் மூளை உங்கள் மேஜை மேலேயே இருக்கிறது. அதை வேறு எங்கோ உட்கார்ந்துகொண்டு யாரும் ஒரு ஸ்விட்சைத் தட்டி நிறுத்திவிட முடியாது.

"அப்படியானால் கவலையே இல்லையா?" என்று கேட்டால், இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் அந்தக் கடைக்காரர் மாதிரி பாதி உண்மை சொன்னவன் ஆவேன்.

அம்பாசடருக்கு இல்லாத ஒரு ஆபத்து கம்ப்யூட்டருக்கு உண்டு. அக்காவுக்கு நான் சொன்ன விளக்கத்தையே உங்களுக்கும் சொல்கிறேன். பாதுகாப்பு அப்டேட்டை "பேட்ச்" என்றுதான் என்ஜினியர்கள் சொல்வார்கள். கிழிசலுக்குப் போடும் ஒட்டு. மைக்ரோசாப்ட் 2003 முதல் மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை இந்த ஒட்டுகளை வெளியிடுகிறது. இப்போது யோசியுங்கள். விண்டோஸ் 11ம் விண்டோஸ் 10ம் பெரும்பாலும் ஒரே துணியில் வெட்டித் தைத்த இரண்டு சட்டைகள். புதுச் சட்டைக்கு அக்குளில் ஒட்டுப் போட்டால் திருடன் என்ன செய்வான்? அந்த ஒட்டைப் பிரித்துப் பார்ப்பான். "ஓகோ, இங்கேதான் கிழிசலா? அப்போ பழைய சட்டையிலும் அதே இடத்தில் கிழிந்திருக்குமே!" என்று தேடி வருவான். பழைய சட்டைக்கு ஒட்டுப் போட ஆள் இல்லை. ஆக, மாதம் ஒன்று கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது. அக்டோபர் 15ம் தேதி காலையில் ஒன்றும் ஆகிவிடாது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வரும் ஆபத்து அது.

"புரியுது தம்பி. அப்ப ஒட்டுப் போடாம விடக்கூடாது" என்றார் அக்கா. எத்தனையோ ஆபீஸ் மேனேஜர்களுக்கு பவர்பாயிண்ட் போட்டு விளக்கியும் புரியாத விஷயம் இது.

ஒட்டு வந்தால் மட்டும் போதாது, அதைப் போட்டுக்கொள்ளவும் வேண்டும். 2017 மே 12 அன்று வானாக்ரை என்ற வைரஸ் உலகத்தையே உலுக்கியது நினைவிருக்கிறதா? சுமார் 150 நாடுகள், இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்கள். இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளில் ஆபரேஷன்களைத் தள்ளி வைத்தார்கள். அப்போது எல்லோரும் பழியைத் தூக்கி விண்டோஸ் எக்ஸ்பி தலையில் போட்டார்கள். எக்ஸ்பிக்குத்தான் 2014 ஏப்ரல் 8 அன்றே கண்ணீர் அஞ்சலி ஒட்டியாகிவிட்டதே! ஆனால் பிறகு காஸ்பர்ஸ்கி நிறுவனம் தன் பார்வைக்கு வந்த கணக்கை வெளியிட்டபோது, மாட்டிக்கொண்டவற்றில் 98 சதவீதம் விண்டோஸ் 7. அன்றைக்கு விண்டோஸ் 7க்குப் பாதுகாப்பு அப்டேட் வந்துகொண்டுதான் இருந்தது. அந்த ஓட்டைக்கான ஒட்டு மார்ச் 14 அன்றே, அதாவது இரண்டு மாதம் முன்னதாகவே வந்துவிட்டது. பலர் போட்டுக்கொள்ளவில்லை. "ரீஸ்டார்ட் கேட்கிறது, அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டார்கள். அந்த "அப்புறம்" மே 12 அன்று வந்தது.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாப்ட்வேர் நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டி நின்றன. நம் நாட்டு ஏர்போர்ட்டுகளில் போர்டிங் பாஸை பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்! அன்றைக்கு மட்டும் அப்டேட் போடாத சோம்பேறிகள் ஜாலியாக இருந்தார்கள். இருந்தாலும் வருடத்தில் 364 நாள் அவர்கள் பக்கம் ஆபத்து இருக்கிறது என்பதால் நான் அப்டேட் கட்சியில்தான் இருக்கிறேன்.

இந்த விண்டோஸ் 10 வந்த வரலாற்றை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். 2015ல் மைக்ரோசாப்ட் கருத்தரங்கு ஒன்றில் அந்நிறுவன ஊழியர் ஒருவரே இதுதான் விண்டோஸின் கடைசிப் பதிப்பு என்று பேசினார். இனிமேல் புது விண்டோஸ் வராது, இதுவே வளர்ந்துகொண்டே போகும் என்று நாமும் நம்பினோம். முதல் ஒரு வருடம் விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு இலவசம். இலவசம் என்றால் சும்மா இல்லை, துரத்தித் துரத்திக் கொடுத்தார்கள். "விண்டோஸ் 10 வேண்டுமா?" என்று திரையில் ஒரு பெட்டி வரும். 2016ல் ஒரு கட்டத்தில், வேண்டாம் என்று மூலையில் உள்ள பெருக்கல் குறியைக் கிளிக் செய்தாலும் "சரி" என்றே எடுத்துக்கொண்டது! வேண்டாம் என்று கதவைச் சாத்தினால், அதையே கதவைத் திறந்ததாக அர்த்தம் செய்துகொள்ளும் விருந்தாளியைப் பார்த்திருக்கிறீர்களா? கலிபோர்னியாவில் ஒரு பெண்மணி, கேட்காமலே நுழைந்த விண்டோஸ் 10ஆல் தன் தொழில் பாதிக்கப்பட்டது என்று வழக்குப் போட்டு 10,000 டாலர் வாங்கினார்.

அப்படி வீட்டுக்குள் தள்ளிவிட்ட அதே கைதான் 2025ல் "ஐயையோ, இது ஆபத்தானது, உடனே வெளியே அனுப்புங்கள்" என்றது.

சரி, விண்டோஸ் 11க்கு மாறிவிட்டால் போயிற்று என்பீர்கள். அங்கேதான் வாசலில் செக்யூரிட்டி நிற்கிறார். 2021 அக்டோபர் 5 அன்று விண்டோஸ் 11 வந்தபோது சில நிபந்தனைகளோடு வந்தது. டி.பி.எம். 2.0 வேண்டும், இன்டெல் என்றால் எட்டாவது தலைமுறையோ அதற்குப் பிறகோ வந்த பிராசசர் வேண்டும். எட்டாவது தலைமுறை 2017ல் வந்தது. டி.பி.எம். என்பது பாஸ்வேர்டு, சாவி போன்ற ரகசியங்களைத் தனியாகப் பூட்டி வைக்கும் ஒரு சின்ன லாக்கர். நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஆறாவது, ஏழாவது தலைமுறை மெஷின்கள் பலவற்றிலும் இந்த லாக்கர் இருக்கிறது. பிறகு ஏன் உள்ளே விடவில்லை? பாதுகாப்பு, நம்பகத்தன்மை என்று காரணம் சொன்னார்கள். நானும் நம்பியிருப்பேன். 2021 ஆகஸ்டில் அந்தப் பட்டியலைத் திருத்தியபோது, ஏழாவது தலைமுறை பிராசசர்கள் சிலவற்றுக்கு மட்டும் திடீரென்று கதவு திறந்தது. மைக்ரோசாப்ட் தானே தயாரித்து விற்ற சர்பேஸ் ஸ்டூடியோ 2 என்ற விலை உயர்ந்த கம்ப்யூட்டரில் இருந்த பிராசசரும் அவற்றில் ஒன்று! மாப்பிள்ளை வீட்டார் என்றால் பந்தியில் தனி வரிசை இருக்கும் அல்லவா?

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். விண்டோஸ் 10க்கு ஒட்டுத் தைப்பதை மைக்ரோசாப்ட் உண்மையில் நிறுத்தவே இல்லை. தொழிற்சாலை மெஷின், பில்லிங் கவுண்டர் போன்றவற்றில் போடும் ஐஓடி எண்டர்பிரைஸ் எல்.டி.எஸ்.சி. 2021 என்ற விண்டோஸ் 10 பதிப்புக்கு 2032 ஜனவரி 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. கம்பெனிகளுக்கு முதல் வருடம் ஒரு மெஷினுக்கு 61 டாலர், பிறகு வருடா வருடம் இரண்டு மடங்கு என்று மூன்று வருடம் வரை விற்கிறார்கள். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் சண்டை போட்டதும் அங்கே வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு ஒரு வருடம் இலவசம் என்று இறங்கி வந்தார்கள். ஆக, துணி இருக்கிறது, ஊசி இருக்கிறது, தையல்காரரும் இருக்கிறார். உங்கள் சட்டைக்குப் போடுவாரா என்பதுதான் கேள்வி. இது என்ஜினியரிங் பிரச்னையே இல்லை, வியாபாரம். நிறுவனம் வியாபாரம் செய்வது தப்பில்லை. அதை "உங்கள் கம்ப்யூட்டர் செத்துவிட்டது" என்று மொழிபெயர்த்து நம்மிடம் விற்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. விண்டோஸ் 10ன் முடிவால் உலகம் முழுக்க 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகலாம் என்று கேனலிஸ் ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில் கணக்குச் சொன்னது. வேலை செய்கிற 24 கோடி மெஷின்கள்!

நமக்கான வழி ஒன்றும் இருந்தது. ஆனால் அது எந்தக் கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலும் பெரிய எழுத்தில் இல்லை. வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டுகளை மட்டும் நீட்டித்துத் தருவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. 30 டாலர் கட்டலாம். அல்லது மைக்ரோசாப்ட் அக்கவுண்டில் நுழைந்து, உங்கள் கம்ப்யூட்டர் செட்டிங்குகளை அவர்கள் சர்வரில் பேக்கப் எடுக்க சம்மதித்தால் பணமே கிடையாது. செட்டிங்ஸ் திறந்து "அப்டேட் அண்ட் செக்யூரிட்டி", அதில் "விண்டோஸ் அப்டேட்" போனால் "என்ரோல் நவ்" என்று ஒரு வரி இருக்கும். அதற்கு 22எச்2 என்ற கடைசிப் பதிப்பு இருக்க வேண்டும்.

அந்த வரியைக் காட்டிவிட்டு வரலாம் என்றுதான் அன்று மதியம் அக்கா வீட்டுக்குப் போனேன். கம்ப்யூட்டரை ஆன் செய்து விண்டோஸ் அப்டேட்டைத் திறந்தால், என்ரோல் நவ்வும் இல்லை, ஒன்றும் இல்லை. கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தேன். அப்டேட் சர்வீஸையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்! கடைசி அப்டேட் போட்ட தேதி 2022. அதோடு விட்டார்களா? திருட்டு விண்டோஸ் போட்டு, அதை ஆக்டிவேட் செய்ய ஏதோ ஒரு புரோகிராமை ஓட்டி, அந்தப் புரோகிராமை வைரஸ் என்று டிபெண்டர் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக டிபெண்டரையும் அணைத்து வைத்திருந்தார்கள்.

கடைக்குப் போன் போட்டேன். "அப்டேட் விட்டா சிஸ்டம் ஸ்லோ ஆயிடும் சார், கஸ்டமர் திட்டுவாங்க. அதான் எல்லாத்துலயும் ஆப் பண்ணிக் கொடுத்துடறோம்" என்றார் கடைக்காரர், கொஞ்சம்கூட அசராமல்.

அதாவது, "இனிமே அப்டேட் வராது, ஆபத்து" என்று அக்காவை மிரட்டி 42,000 ரூபாய்க்குப் புதுசு விற்கப் பார்த்தவர், அந்த மெஷினுக்கு விற்ற நாளிலிருந்தே அப்டேட் வராமல் பார்த்துக்கொண்டவர்! மைக்ரோசாப்ட் அக்டோபர் 14 அன்று நிறுத்தியதை இவர் ஆகஸ்டிலேயே நிறுத்திவிட்டார். மைக்ரோசாப்ட் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் பாதியாகக் குறைந்துவிட்டது.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வாசகர்களே, குறிப்பாக செகண்ட்ஹேண்ட் வாங்கியவர்களே, செய்தித் தலைப்புகளை அப்புறம் படிக்கலாம். இன்றைக்கே விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்து கடைசி அப்டேட் எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள். டிபெண்டர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் நான் பார்க்கும் கேஸ்களில் பத்தில் ஏழெட்டு இப்படித்தான், ஒட்டு வந்தும் போடாத கேஸ். சப்போர்ட் முடிந்ததால் வந்த கேஸ் ஒன்று இரண்டு இருந்தால் அதிகம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும். போன வருடம் நண்பர் ஒருவரின் எட்டாவது தலைமுறை மெஷினை விண்டோஸ் 11 ஏற்கவில்லை. மதர்போர்டு மாற்ற வேண்டும், ஒன்பதாயிரம் ஆகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் பி.டி.டி. என்ற ஆப்ஷன் "டிஸேபிள்" என்று இருக்கிறது. இன்டெல் மெஷின்களில் டி.பி.எம். லாக்கருக்கு அதுதான் பெயர். ஏ.எம்.டி. என்றால் எப்.டி.பி.எம். என்று இருக்கும். "எனேபிள்" செய்து சேவ் செய்தேன். விண்டோஸ் 11 சமர்த்தாக ஏறியது. ஒன்பதாயிரம் ரூபாய் மிச்சம், எனக்குக் கிடைத்தது ஒரு டீ.

அக்காவின் மெஷினுக்கு அந்த வைத்தியம் பலிக்காது, பிராசசரே பட்டியலில் இல்லை. இன்டர்நெட்டில் தேடினால் இந்தச் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11 போடக் குறுக்கு வழிகள் கிடைக்கும். என் சொந்த மெஷினில் செய்து பார்ப்பேன். ஆனால் அப்படிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் தருவோம் என்று மைக்ரோசாப்ட் உத்தரவாதம் தரவில்லை. ஒரு நாள் மக்கர் செய்தால் அந்த வீட்டில் உட்கார்ந்து சரி செய்ய ஆள் இல்லை. அதனால் அந்தப் பக்கமே போகவில்லை.

திருட்டு விண்டோஸை அழித்தேன். பாப்பாவின் பைல்களை முதலில் பென்டிரைவில் எடுத்துக்கொண்டேன் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மைக்ரோசாப்ட் தளத்திலிருந்தே இறக்கிய விண்டோஸ் 10ஐப் போட்டேன். இதில் ஒரு ஆனந்த அதிர்ச்சி. ஆபீஸ் மெஷின் அல்லவா, கம்பெனியில் வாங்கும்போதே ஒரிஜினல் விண்டோஸ் லைசென்ஸ் கீயை பயாஸிலேயே பதித்துக் கொடுத்திருக்கிறார்கள். நெட்டில் இணைத்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிட்டது! வீட்டுக்குள் ஒரிஜினல் சாவியே இருக்கும்போது, கடைக்காரர் பூட்டை உடைத்து உள்ளே போயிருக்கிறார். அப்டேட்டுகள் இறங்க ஒன்றரை மணி நேரம் ஆனது. பாப்பா பெயரில் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் ஒன்று தொடங்கினோம். என்ரோல் நவ் வந்தது. கிளிக் செய்தோம். செலவு, பூஜ்யம்.

அக்கா அதற்குள் நான்கு பிளவுஸ் முடித்திருந்தார். "அப்ப அடுத்த வருஷம் தீபாவளிக்கு மறுபடி செத்துப் போகுமா?" என்று தலையைத் தூக்காமலே கேட்டார்.

நியாயமான கேள்வி. 2026 அக்டோபர் 13க்குப் பிறகும் அந்த மெஷின் ஓடும். டிபெண்டருக்கு வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாப்ட் சொல்லியிருக்கிறது. பழைய அனுபவத்தைப் பார்த்தால் பிரவுசர்களும் உடனே கைவிடுவதில்லை. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்று போஸ்டர் ஒட்டினார்கள். கூகுள் குரோம் அதை விட்டது 2023 தொடக்கத்தில்தான். இவ்வளவு ஏன், நம் ஏ.டி.எம். மெஷின்களில் எக்ஸ்பியை மாற்றச் சொல்லி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கெடு விதித்தது 2018 ஜூனில், எக்ஸ்பி "செத்து" நாலு வருடம் கழித்து! அப்படி இருந்தும், ஒட்டு நின்ற மெஷினில் பேங்க் வேலை பார்க்காதீர்கள் என்று அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். தைத்த கூலி அவருக்கு ஜிபேயில் வருகிறது, அது போனில் இருக்கட்டும்.

புது மெஷின் வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஷேர் வியாபாரம், ஆடிட்டர் வேலை என்று மற்றவர்கள் பணமும் ரகசியமும் அந்த மெஷினில் இருந்தால் தாமதிக்க வேண்டாம். மாற்றிவிடுங்கள். ஆனால் காலேஜ் ப்ராஜெக்ட் டைப் செய்ய, யூடியூப் பார்க்க, பிளவுஸ் டிசைன் தேட 42,000 ரூபாயா? அதுவும் 2025 கடைசியில் ரேம் விலை ஏறத் தொடங்கிய நேரத்தில்?

இன்னொரு வழி லினக்ஸ். இலவசம். பழைய மெஷினிலும் நன்றாக ஓடும். கேரளா அரசுப் பள்ளிகளில் பல வருடங்களாகப் பிள்ளைகள் லினக்ஸில்தான் படிக்கிறார்கள். நம் சென்னை சி-டாக் மையத்திலேயே பாஸ் என்று ஒரு லினக்ஸ் உருவாக்கியிருக்கிறார்கள். "லினக்ஸ் போடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லும் நண்பர்கள் எனக்கும் உண்டு. அவர்கள் யாரும் போட்டுவிட்டு அடுத்த நாள் வீட்டுக்கு வந்து பிரிண்டரைச் சரி செய்து கொடுத்ததில்லை.

அதனால் மெதுவாகப் போகலாம் என்று முடிவு செய்தோம். பொங்கல் விடுமுறையில் ஒரு பென்டிரைவில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பாப்பாவுக்கு அரை நாளில் பழகிவிட்டது. லிப்ரே ஆபீஸில் டைப் செய்கிறாள், தமிழ் டைப்பிங்கும் வந்துவிட்டது. கல்லூரியில் கேட்கும் ஒரு சாப்ட்வேர் மட்டும் விண்டோஸில்தான் ஓடுமாம். பிரிண்டர் முதலில் முரண்டு பிடித்து, பிறகு வழிக்கு வந்தது. ஸ்கேனர் இன்னும் வரவில்லை. அதைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறேன். முகூர்த்த சீஸன் முடியட்டும் தம்பி என்றார் அக்கா. மேஜை முழுக்க துணி கிடக்கிறதாம், கம்ப்யூட்டரே கண்ணுக்குத் தெரியவில்லையாம்.